மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறதா?

கேள்வி: 100 எம்பிபிஎஸ் ஃபைபர் (கண்ணாடி இழை வழி வரும்) இணையத் திட்டம் போட்டிருக்கிறேன். பெரிய கோப்பு எதை இறக்கினாலும் 12-ஐத் தாண்டுவதில்லை. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. நிறுவனம் சொல்வது மெகாபிட், கணினி காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்; 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5. உங்களுக்கு முழு வேகமும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

கேள்வி: பெட்டியில் ‘எல்ஓஎஸ்’ என்ற விளக்கு சிவப்பாக மினுக்குகிறது. பழுது பார்க்க வந்தவர் ஒரு கருவியைச் சொருகிப் பார்த்து, “மைனஸ் 29” என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். என்ன அது?

அவர் அளந்தது உங்கள் வீடு வரை வந்து சேரும் ஒளியின் அளவு. அலகு டிபிஎம். பூஜ்யம் என்றால் ஒரு மில்லிவாட். மைனஸ் 30 என்றால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எண் மூன்று இறங்கினால் ஒளி பாதியாகிவிடும். மைனஸ் 20 வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். மைனஸ் 27-க்குக் கீழே போனால் வீடுகளில் இருக்கும் பெரும்பாலான பெட்டிகள் திணறும். ஒளியே வரவில்லை என்று சிவப்பு விளக்கைப் போட்டுவிடும்.

காரணம் பெரும்பாலும் அற்பமானது. என் வீட்டில் புத்தக அலமாரியைச் சுவரோடு தள்ளியபோது பின்னால் ஒயர் மடங்கிவிட்டது. கண்ணாடி இழை கூர்மையாக வளைந்தால் ஒளி பக்கவாட்டில் கசியும். அலமாரியை நாலு விரல் இழுத்தேன். மைனஸ் 28 மைனஸ் 21 ஆயிற்று. அடுத்த சந்தேகம், முனையில் படிந்த தூசு. அதை விரலால் துடைக்காதீர்கள், கண்ணருகே வைத்தும் பார்க்காதீர்கள். உள்ளே வருவது அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது. ஊழியர் வந்தால், “எத்தனை டிபிஎம்?” என்று கேட்டு, தேதியோடு குறித்து வையுங்கள். அடுத்த புகாருக்கு அதுதான் சாட்சி.

கேள்வி: ஜிபான் என்கிறார்களே, பக்கத்து வீட்டாரோடு பங்கு போடுவதா?

ஆமாம். ஸ்ப்ளிட்டர் என்ற மின்சாரம் தேவைப்படாத சிறு பெட்டி, ஒரே இழையின் ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து இறங்குவேகம் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், ஏறுவேகம் அதில் பாதி. எல்லா வீட்டிலும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இறக்குவது அபூர்வம் என்பதால் பொதுவாக உறைக்காது. மாலையில் மட்டும் வேகம் படுத்தால், என் சந்தேகம் முதலில் வைஃபை மீதுதான் போகும். லேன் ஒயரைக் கணினியில் நேராகச் சொருகிச் சோதித்த பிறகு சண்டைக்குப் போங்கள்.

கேள்வி: மோடத்தில் சொருகும் பச்சை முனை இழை ஒயருக்குப் பதில் நீல முனை வாங்கிவிட்டேன். பரவாயில்லையா?

திருப்பிக் கொடுங்கள். பச்சையின் நுனி எட்டு டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத்துக்கு அந்தச் சாய்வு கிடையாது. பச்சைக்கான துளையில் நீலத்தைச் சொருகினால் உள்ளே போகும். ஆனால் நுனிகள் இரண்டும் ஒட்டாமல் இடையில் இடைவெளி விழும், ஒளி வீணாகும்.