பரண்மேல் கிடக்கும் மஞ்சள் சட்டை

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் படகு இன்ஜின் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வயது 38. மனைவி எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பொழியூர்க்காரி. நான் சென்னையின் எஃப்சி கால்பந்து அணியின் ரசிகன். அவளுடைய தம்பி கேரளா பிளாஸ்டர்ஸ் பைத்தியம். 2025 ஜனவரி 30 அன்று சென்னையில் நடந்த ஆட்டத்தை என் வீட்டில் சேர்ந்து பார்த்தோம். நாங்கள் 1-3 என்று தோற்றோம். கோல்கீப்பர் சரியில்லை என்றான் அவன். தடுப்பாட்டக்காரர்கள் கோட்டைவிட்டதற்குக் கோல்கீப்பர் என்ன செய்வான் என்றேன் நான். வில்மர் ஜோர்டானுக்குச் சிவப்பு அட்டை காட்டியதும் ஆட்டமே போயிற்று. அதன் பிறகு பயிற்சியாளர் ஆட்களை மாற்றிய விதமும் தவறு. மூன்றாவது கோல் விழுந்ததும் மைத்துனன் கைகொட்டிச் சிரித்தான். "ஒரு தடவையாவது கோப்பை வாங்கிவிட்டு வந்து சிரி" என்றேன். அதற்கும் சிரித்தான். மகன் அன்று அவன் மாமன் வாங்கிக் கொடுத்த பிளாஸ்டர்ஸ் மஞ்சள் சட்டையைப் போட்டிருந்தான். முதுகில் பெயரை மலையாளத்தில் வேறு அச்சிட்டிருந்தார்கள். கழற்றச் சொல்லிப் பரணில் போட்டேன். டிவியையும் அணைத்துவிட்டேன். மைத்துனன் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான். ஏழு வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மனைவி எதுவும் சொல்வதில்லை. மே மாதம் மகனுக்கு முதல் நற்கருணை. அவனை நான் அழைக்கவேண்டுமா? கேலி செய்தவன் அவன்தானே, அவனே முதலில் வரட்டும் என்று இருந்துவிடலாமா?

பெயர் வேண்டாம்.

பதில்: தம்பி, உங்கள் கடிதம் ஆறு பக்கம். இடம் கருதிச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். கோல்கீப்பருக்கு ஒரு பக்கம், தடுப்பாட்டக்காரர்களுக்கு ஒன்றரைப் பக்கம், நடுவருக்கு முக்கால் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். பயிற்சியாளரை இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். மனைவிக்குக் கிடைத்தது ஒரு வரி. மகனுக்கு நான்கு வரி. அந்த நான்கு வரியும் நடுவருக்கும் பயிற்சியாளருக்கும் இடையே, எழுதிக் கை வலித்து நிறுத்திய இடத்தில் விழுந்திருக்கின்றன.

மைத்துனன் சண்டை இந்தப் பகுதிக்கு வாராவாரம் வருகிறது. நகை, நிலம், படகில் பங்கு, கல்யாண வீட்டில் யாருக்கு முதல் பந்தி. பந்து உதைக்கும் சண்டையும் எனக்குப் புதிதல்ல. "விளையாட்டுதானே, நாளடைவில் ஆறிவிடும்" என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். ஆறாது. ஏழு வாரமாக ஆறாதது எட்டாவது வாரத்தில் மட்டும் எப்படி ஆறும்?

ஆட்டக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதியை நீங்கள் படிக்கமாட்டீர்கள். ஆட்டம் சூடுபிடிப்பதற்குள் ஒரு கோல் வாங்கி, இடைவேளைக்கு முன்பே முன்னணி ஆட்டக்காரர் வெளியேறி, மீதி நேரம் பத்துப் பேரோடு ஓடிய அணி அது. முன்னால் பந்தை வாங்கி நிறுத்திவைக்க ஆளில்லை. அடித்து அனுப்பிய பந்தெல்லாம் திரும்பத் திரும்பத் தடுப்பாட்டக்காரர்களிடமே வந்து நின்றது. பத்துத் தடவை தடுத்தவன் பதினோராவது தடவை கோட்டைவிட்டான். நீங்கள் பதினோராவதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். கோல்கீப்பர் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி, உங்கள் மைத்துனன் சொன்னது தவறு. திருப்திதானே? இனிப் பந்தைக் கீழே வையுங்கள்.

அந்தச் சட்டைக்கு வருவோம்.

நடந்தவற்றை வரிசை மாறாமல் எழுதியிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. அவர் சிரித்தார். நீங்கள் கோப்பையைச் சொல்லிக் குத்தினீர்கள். குத்தல் ஒன்றும் லேசானது இல்லை. சென்னை இரண்டு முறை இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வாங்கிய அணி. பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022 என்று மூன்று இறுதி ஆட்டத்தில் தோற்ற அணி. அதைக் கேட்டும் அந்த மனிதர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், இடத்தைவிட்டு எழவில்லை. பிறகு நீங்கள் பையன் சட்டையைக் கழற்ற வைத்தீர்கள். அதன் பிறகுதான் எழுந்தார், இலையில் கை வைக்காமல் போனார். "ஒரு கேலிக்கு நான் பதில் சொன்னால் அவனுக்கு என்ன கோபம்" என்று ஐந்தாம் பக்கத்தில் கேட்கிறீர்கள். உங்கள் பதில் அவரைத் தொடவே இல்லை, தம்பி. அவர் எழுந்தது எதற்காக என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது.

ஒன்பது வயதுப் பையன் இரண்டு கையையும் மேலே தூக்கி, தலைவழியாகச் சட்டையை உருவிக் கொடுத்துவிட்டு, வந்திருந்தவர்கள் நடுவில் வெற்று உடம்போடு நின்றிருக்கிறான். அவன் கோல் வாங்கவில்லை. சிவப்பு அட்டையும் வாங்கவில்லை. மாமன் ஆசையாகக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். மைத்துனர்மேல் காட்டமுடியாத கோபத்தை, திருப்பிப் பேசமுடியாத ஒருவன்மேல் காட்டினீர்கள். இதைக் கண்டித்து எழுத எனக்குக் கடுமையான சொற்கள் பல தெரியும். உங்கள் மனைவி ஒன்றும் சொல்லாமல் இருப்பதே அவற்றைவிடக் கடுமை என்பதால் விட்டுவிடுகிறேன்.

நம் பக்கத்து ஊர்களில், எந்தக் கோயிலுக்குப் போகிற குடும்பமானாலும், தாய்மாமன் துணி எடுத்துத் தராமல் ஒரு நல்ல காரியம் தொடங்குவதில்லை. அது கடையில் பணம் கொடுத்து வாங்கும் துணி மட்டும் இல்லை. "என் அக்காளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் எனக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது" என்று ஓர் ஆண்பிள்ளை சொல்லும் முறை அது. அவர் கண்முன்னாலேயே அதை உரித்துப் பரணில் போட்டால், உனக்கு இங்கே வேலை இல்லை என்றுதான் அர்த்தம். நான் பழங்காலத்து மனுஷி, இதில் எனக்குச் சமாதானம் கிடையாது. வீட்டுக்கு வந்த பெண்ணின் கூடப்பிறந்தவனைச் சாப்பிடாமல் எழுந்து போகவிட்ட ஆண், அந்த இரவு தன் தட்டில் எப்படிக் கை வைத்தான் என்று கேட்பேன்.

இப்போது அந்த "வேறு". "பெயரை மலையாளத்தில் வேறு அச்சிட்டிருந்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, ஆறு பக்கத்திலும் என்னை நிறுத்திவைத்த சொல் அதுதான். 1-3 உங்களை அவ்வளவு சுடவில்லை. மகன் முதுகில் உங்கள் எழுத்து இல்லையே என்பது சுட்டது. பையன் அந்தப் பக்கம் போய்விடுவானோ என்கிற பயம். எல்லையில் குடியிருப்பவனுக்கு வருகிற பயம் எனக்கும் தெரியும். அதைப் பரிகசிக்கமாட்டேன். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூட்டில் செத்தவர்கள், தமிழ் பேசும் தாலுக்காக்கள் தமிழகத்தோடு சேரவேண்டும் என்று கேட்டுத்தான் செத்தார்கள். 1956 நவம்பர் 1 அன்று அது நடந்தது. என் தகப்பனார் அந்த ஊர்வலங்களில் நடந்தவர். ஆனால் திருவிதாங்கூர்ப் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர். சாகும்வரை தேங்காய்க் கணக்கைக் காதில் செருகிய பென்சிலால் மலையாளத்தில்தான் எழுதினார். நாங்கள் தமிழில் எழுதச் சொன்னால், "கணக்கு தப்பிப் போகும்" என்பார். அந்த நோட்டுப் புத்தகத்தை யாரும் அவர் கையிலிருந்து பிடுங்கவில்லை. தமிழுக்காக நடந்த கால், மலையாளத்தில் கணக்கு எழுதிய கை, இரண்டும் ஒரே ஆளுக்குத்தான் இருந்தன.

அந்த எழுத்தை உங்கள் மைத்துனர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்று ஒரு கணம் யோசித்தீர்களா? பேரன் அந்தச் சட்டையோடு பொழியூர் வீட்டு முற்றத்தில் ஓடும்போது அவன் பெயரைப் படிக்கவேண்டியவர் யார்? உங்கள் மாமியார். அவருக்கு எந்த எழுத்து தெரியும்?

உங்களுக்கு இன்னொன்று சொல்லவேண்டும். டிவியை அணைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் சென்னையின் ஒரே கோலை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆறு பக்கத்தில் அந்தக் கோலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆட்டம் முடியும் நேரத்தில் அதை அடித்தவர் வின்சி பாரெட்டோ. திருவனந்தபுரத்துப் பையன். சென்னைக்கு வருவதற்கு முன் ஒரு பருவம் இதே பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டையைப் போட்டு ஆடியவர். அந்தப் பக்கத்து மூன்று கோலை அடித்தவர்கள் யார்? ஹெசுஸ் ஹிமெனஸ், ஸ்பெயின்காரர். கோரோ சிங், மணிப்பூர்க்காரர். குவாமே பெப்ரா, கானா நாட்டுக்காரர். ஆக, தமிழனுக்கும் மலையாளிக்கும் நடந்த போர் என்று நீங்கள் பல்லைக் கடித்த அந்த ஆட்டத்தில் கோல் அடித்த ஒரே மலையாளி உங்கள் நீலச் சட்டையில் இருந்தார். நீங்களோ உங்கள் வீட்டில் மஞ்சளை உரித்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்களுக்குப் பக்கத்து ஊர் இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்கும் பிறகு கொல்கத்தாவுக்கும் ஆடப் போனபோது, உங்கள் கரையில் எவராவது சட்டை நிறம் பார்த்தா கைதட்டினார்கள்? நம் பையன் என்று தட்டினார்கள். பொழியூரிலும் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி ஆடிய பையன்கள் உண்டு. உங்கள் மனைவி அவர்களையும் இப்படித்தான் "நம் பையன்" என்று சொல்லி வளர்ந்திருப்பாள். 2017-ல் ஒகி புயல் அடித்த அந்த வாரத்தில், எந்தப் பக்கத்துப் படகு கரை சேர்ந்தாலும் இரண்டு பக்கத்துப் பெண்களும் ஓடிப்போய் முகம் பார்த்தார்கள். உங்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை. இன்ஜின் பழுதுபார்ப்பவர், யார் படகு எது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவரை அழைக்கலாமா என்கிறீர்கள். அழைப்பு கொடுப்பது வெளியாட்களுக்கு. தாய்மாமனுக்கு அழைப்பு கிடையாது. "பையனுக்கு வெள்ளைத் துணி எடுக்க எப்போது போகலாம்?" என்று கேட்பதுதான் முறை. உங்கள் மகன் நற்கருணை வாங்கப்போகிற பங்கு தமிழ்நாட்டில் இருக்கிறது. அந்தப் பங்கு திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. 1956-ல் போட்ட எல்லைக்கோட்டைத் திருச்சபையே தாண்டி நிற்கும்போது, உங்கள் வரவேற்பறையில் எதற்குப் புதிதாக ஒரு சோதனைச்சாவடி?

முதலில் யார் போவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள்தான். கேலி செய்தது அவர் குற்றம் என்றால் அதை அவருடைய அக்காள் கேட்டுக்கொள்வாள், அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. நீங்கள் ஞாயிறு பூசை முடிந்ததும் மகனைக் கூட்டிக்கொண்டு பொழியூருக்குப் போங்கள். மனைவியையும் அழையுங்கள், ஏழு வாரமாக அவள் தாய்வீட்டுக்குப் போனாளா என்று நீங்கள் எழுதவே இல்லை. ஆட்டத்தைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். அவர் திறந்தால் நீலச் சட்டைக்காரன் அடித்த கோலைப் பார்த்தாரா என்று கேளுங்கள். அவரும் பார்த்திருக்கமாட்டார், அந்நேரம் அவர் இருட்டில் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்திருப்பார்.

போவதற்கு முன் இன்று இரவே பரணில் ஏறுங்கள். பங்குனி வெயில் பரணில் எப்படி இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மாதிரிச் சட்டைகளில் எழுத்தைச் சூடு வைத்து ஒட்டுகிறார்கள். சுருட்டிப் போட்டு வெயிலில் கிடந்தால் எழுத்தும் எழுத்தும் பற்றிக்கொள்ளும். இழுத்துப் பிரித்தால் உரிந்து கையோடு வரும். மெதுவாகப் பிரியுங்கள், மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரியுங்கள். உட்புறத்தைத் திருப்பித் தண்ணீரில் அலசி நிழலில் போடுங்கள். அந்த வேலையை மனைவியிடம் தள்ளாதீர்கள். உரிக்கச் சொன்ன கைதான் துவைக்கவேண்டும்.

ஞாயிறன்று பையன் அதைப் போட்டுக்கொண்டு வரட்டும். அவனுக்குச் சிறிதாகியிருந்தாலோ, எழுத்து போயிருந்தாலோ, புதிது வாங்கவேண்டியது உங்கள் பொறுப்பு. மஞ்சளில், மலையாள எழுத்தில். எந்தக் கடை என்று மைத்துனரிடம்தான் கேட்கவேண்டியிருக்கும்.