டோக்கன் எந்த மெஷினில் செருகியிருக்கிறது?

கேள்வி: நாங்கள் மூன்று பேர். சி++, க்யூடியில் (திரைகளை அமைக்க உதவும் லைப்ரரி) ஒரு பில்லிங் மென்பொருள் எழுதி விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் தருகிறோம். கோட் கிட்ஹப்பில், பிரைவேட்டாக இருக்கிறது. ரிலீஸ் பில்ட் எல்லாம் இன்றுவரை என் லேப்டாப்பில்தான். நான் லீவு போட்டால் ரிலீஸும் லீவு. சி.ஐ. (கோட் மாறும்போது பில்டையும் டெஸ்டையும் தானாக ஓட்டும் ஏற்பாடு) வைத்துவிடலாம் என்று முடிவெடுத்துவிட்டோம். ஜென்கின்ஸா, கிட்ஹப் ஆக்‌ஷன்ஸா, கிட்லாபா?

பதில்: பெயரைச் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன். விண்டோஸ் இன்ஸ்டாலரை சைன் செய்யும், அதாவது இது உங்களுடையதுதான் என்று டிஜிட்டல் கையெழுத்துப் போடும் யு.எஸ்.பி. டோக்கன் இப்போது எங்கே இருக்கிறது? உங்கள் லேப்டாப்பில்தான் செருகியிருக்கும். உங்கள் தேர்வில் பாதியை அது முடிவுசெய்துவிடும்.

முன்பெல்லாம் சைனிங் சான்றிதழ் ஒரு கோப்பாகக் கிடைத்தது. கடவுச்சொல்லோடு சி.ஐ.யின் சீக்ரெட்டில் (ரகசியங்களை வைக்கும் இடம்) போட்டுவிட்டால் வேலை முடிந்தது. 2023 ஜூன் 1 முதல் அது போயிற்று. பிரைவேட் கீ (கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி) ஹார்டுவேருக்குள்தான் இருக்க வேண்டும் என்பது விதி. கிளவுடில் ஓடும் ரன்னரோ ஒவ்வொரு வேலைக்கும் புதிதாகப் பிறந்து, வேலை முடிந்ததும் மறைந்துபோகிற மெஷின். அதில் டோக்கனை எங்கே செருகுவது?

வழி இரண்டு. ஒன்று, கிளவுட் சைனிங். மைக்ரோசாஃப்ட் அசூர், டிஜிசர்ட், எஸ்எஸ்எல்.காம் ஆகியோர் இதைத் தருகிறார்கள். கீ அவர்களிடமே இருக்கும். பில்ட் ஆன கோப்பின் ஹாஷ் (கோப்பின் சுருக்க அடையாளம்) மட்டும் போய்க் கையெழுத்தோடு திரும்பும். மற்றது, அலுவலகத்தில் ஒரு விண்டோஸ் பி.சி.யை ஒதுக்கி, டோக்கனை அதில் செருகி, அதையே சொந்த ரன்னராகப் பதிவுசெய்வது. இதில் ஒரு வம்பு உண்டு. ராத்திரி பில்ட் ஓடும்போது டோக்கன் கடவுச்சொல் கேட்டு ஒரு சின்ன ஜன்னலைத் திறக்கும். பார்க்க ஆள் இருக்காது. காலையில் வந்தால் வேலை அங்கேயே நின்றிருக்கும். ஒருமுறை கடவுச்சொல் கொடுத்தால் போதும் என்ற செட்டிங் சில டோக்கன் மென்பொருளில் இருக்கிறது, முதலில் அதைத் தேடுங்கள். எப்படியானாலும் தினசரி பில்டை சைன் செய்ய வேண்டாம், ரிலீஸை மட்டும் செய்தால் போதும்.

அடுத்து மேக். மேக் ஓ.எஸ்.ஐ ஆப்பிள் ஹார்டுவேரில் மட்டுமே ஓட்டலாம் என்று உரிமத்திலேயே இருப்பதால் எங்கே போனாலும் மேக் நிமிடம் விலை கூடுதல்தான். கிட்ஹப் இலவசத் திட்டத்தில் பிரைவேட் கோடுக்கு மாதம் 2000 நிமிடம். அதில் விண்டோஸ் நிமிடத்துக்கு இரண்டு மடங்கு, மேக் நிமிடத்துக்குப் பத்து மடங்கு கழிப்பதுதான் பல வருடங்களாக இருந்துவந்த கணக்கு. மூன்றிலும் 25 நிமிட பில்ட் என்று வையுங்கள்: 25, 50, 250. ஒரு தடவைக்கு 325. ஆறு புஷ்ஷில் (கோடை கிட்ஹப்புக்கு அனுப்புவது) மாதம் காலி! (விலை அடிக்கடி மாறுவது, சேரும்முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.) அதனால் ஒவ்வொரு புஷ்ஷுக்கும் லினக்ஸ் மட்டும் ஓடட்டும். விண்டோஸ் உங்கள் பி.சி.யில், மேக் வாரம் ஒருமுறையும் ரிலீஸின்போதும். நோட்டரைசேஷனை (மென்பொருளை ஆப்பிளுக்கு அனுப்பிச் சோதித்து ஒப்புதல் வாங்குவது) நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆப்பிளின் டெவலப்பர் ஐடி கீ இன்னும் கோப்பாகவே சீக்ரெட்டில் இருக்கலாம், டோக்கன் தொல்லை கிடையாது. இணையத்தில் கிடைக்கும் பழைய ஸ்கிரிப்ட்களில் ஆல்ட்டூல் என்று இருந்தால் நோட்டரிடூல் என்று மாற்றுங்கள். நோட்டரைசேஷனுக்கு அனுப்பும் பழைய ஆல்ட்டூல் வழியை ஆப்பிள் 2023 நவம்பரில் மூடிவிட்டது.

லினக்ஸில் ஒரே எச்சரிக்கை: புத்தம்புது உபுண்டுவில் பில்ட் செய்தால் ஜிலிப்சி (லினக்ஸ் மென்பொருள்கள் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரி) பதிப்பு உயர்ந்துவிடும், பழைய உபுண்டு வைத்திருக்கும் வாடிக்கையாளரிடம் மென்பொருள் திறக்காது. பழைய டெபியன் கன்டெய்னருக்குள் (தனியாகப் பிரித்துவைத்த லினக்ஸ் சூழல்) பில்ட் செய்யுங்கள்.

திரையை ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் வைத்திருக்கிறீர்களா? நான் இரண்டு நாள் தொலைத்த இடம் அது. பட்டனை அழுத்தும் டெஸ்ட் என் கையால் ஓட்டினால் பாஸ், சி.ஐ.யில் ஃபெயில். ரன்னரை விண்டோஸ் சர்வீஸாக (பின்னணியில் ஓடும் நிரலாக) நிறுவியிருந்தேன். விஸ்டாவிலிருந்தே சர்வீஸ்கள் செஷன் 0 என்ற தனி அறையில்தான் ஓடுகின்றன. நாம் பார்க்கும் டெஸ்க்டாப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆட்டோ லாகின் போட்டு, லாகின் ஆன செஷனுக்குள் ரன்னரை ஓட்டியதும் சரியாயிற்று. லினக்ஸில் இதற்கு எக்ஸ்விஎஃப்பி (நிஜத் திரை இல்லாமலே திரை இருப்பதுபோல் காட்டும் மென்பொருள்) போதும்.

இனி பெயர். உங்கள் கோட் இருக்கும் இடத்திலேயே இருங்கள்: கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ், கூடவே சொந்தமாக அந்த ஒரு விண்டோஸ் பி.சி. கோட் கிட்லாபில் இருந்திருந்தால் கிட்லாப் என்றிருப்பேன். லினக்ஸ் டெஸ்க்டாப் உருவாக்கும் கேடிஇ திட்டத்தார் கோடைத் தங்கள் கிட்லாபுக்குக் கொண்டுபோன பிறகு சி.ஐ.யையும் ஜென்கின்ஸிலிருந்து அங்கேயே மாற்றிக்கொண்டார்கள். ஜென்கின்ஸ் மட்டம் என்று சொல்லவில்லை, லிப்ரே ஆபீஸ் மாதிரி பெரிய திட்டமே அதில் ஓடுகிறது. ஆனால் சர்வரையும் பிளக்இன்களையும் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். மூன்று பேரில் ஒருவரை அதற்குக் கொடுப்பீர்களா? சொந்த ரன்னர் வைத்திருக்கும்வரை கோடைப் பப்ளிக் ஆக்கிவிடாதீர்கள். முகம் தெரியாதவர் அனுப்பும் புல் ரிக்வெஸ்ட் (கோடில் சேர்க்கச் சொல்லும் மாற்றம்) உங்கள் பி.சி.யில், டோக்கன் பக்கத்திலேயே ஓடும்.

எதை எடுத்தாலும் பில்ட் கட்டளைகளை யாமல் கோப்பில் (சி.ஐ.க்கு வேலைகளைச் சொல்லும் கோப்பு) எழுதாதீர்கள். சிமேக் (சி++ பில்ட் கருவி) பிரீசெட்டிலும் ஸ்கிரிப்டிலும் வையுங்கள், யாமல் அதைக் கூப்பிடட்டும். ஓப்பன் சோர்ஸ் உலகமே இலவசமாக நம்பியிருந்த டிராவிஸ் சி.ஐ. 2020 கடைசியில் இலவசத்தைச் சுருக்கியபோது, எல்லாவற்றையும் அதன் யாமலில் எழுதிவைத்தவர்கள்தான் திண்டாடினார்கள்.

இந்த வாரம் சி.ஐ. பக்கமே போகாதீர்கள். வெறும் விண்டோஸ் நிறுவிய ஒரு விர்ச்சுவல் மெஷினில் உங்கள் ஸ்கிரிப்டை மட்டும் ஓட்டிப் பாருங்கள். க்யூடி எங்கே என்று கேட்டு நிற்கும், அப்புறம் நீங்கள் எப்போதோ கையால் நகலெடுத்து மறந்துபோன ஏதாவது டிஎல்எல்லை (விண்டோஸ் லைப்ரரி கோப்பு) கேட்கும். கேட்பதையெல்லாம் ஸ்கிரிப்டில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். அது கேட்பதை நிறுத்திய அன்றைக்கு ரன்னரை நிறுவலாம்.