தலையிடி இல்லையென்று பிரசர் குளிசையை நிறுத்தலாமா?

கேள்வி: நான் விசுவமடுவில் இருக்கிறேன், வயது 43. போன வருசம் என் அண்ணன் 51 வயதில் மாரடைப்பால் இறந்துபோனார். ஒல்லியான ஆள், வயல்தான் தொழில், ஆனால் சுருட்டு விடமாட்டார். பிறகு நானும் போய்ச் சோதித்தேன். மூன்று தடவையும் பிரசர் 148/94க்குக் கிட்ட. குளிசை தந்தார்கள். தலையிடி, தலைச்சுற்று ஒன்றும் இல்லாதபடியால் இரண்டு மாதத்தில் விட்டுவிட்டேன். போனில் தினம் ஒரு ஆராய்ச்சி வருகிறது. தேங்காயெண்ணெய் நஞ்சு என்கிறது ஒன்று, மருந்து என்கிறது மற்றது. எதை நம்புவது? இது எங்கள் இரத்தத்தில் உள்ள வருத்தமா? என் மகன் 2009 பங்குனியில் மாத்தளனில் பிறந்தவன். அப்போது எனக்குக் கஞ்சிதான் சாப்பாடு. அவன் இரண்டு கிலோவும் இல்லை. அவனுக்கும் வருமா?

பதில்:

சகோதரி, முதலில் குளிசை. இந்தக் கிழமையே கிளினிக்குக்குப் போய்த் திரும்பத் தொடங்குங்கள். பிரசருக்கு நோவு இல்லை. தலையிடி வரட்டும், பார்ப்போம் என்று காத்திருந்தவர்களில் சிலரை ஒரு பக்கம் இழுத்த நிலையில்தான் நான் முதன்முதலாகப் பார்த்திருக்கிறேன். குளிசையால் வரட்டு இருமலோ கால் வீக்கமோ வந்துதான் விட்டீர்கள் என்றால், அதை மறைக்காமல் சொல்லுங்கள், வேறு குளிசை இருக்கிறது.

பிரசர் ஆபத்து என்பதை வைத்தியர்களும் பிந்தித்தான் விளங்கிக்கொண்டார்கள். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1944இல் பிரசர் 186/108. 1945 ஏப்ரல் 12 அன்று அது 300ஐத் தாண்டி, மூளையில் இரத்தம் கசிந்து இறந்தார். வயது 63. வயது போகப் போகப் பிரசர் ஏறுவது இயல்பு, அதைக் குறைக்கத் தேவையில்லை என்று நினைத்த வைத்தியர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். 1948இல்தான் பாஸ்டனுக்குக் கிட்டவுள்ள ஃபிரமிங்ஹாம் என்ற ஊரில், 30 முதல் 62 வயது வரையான 5,209 ஆண்களையும் பெண்களையும் தெரிந்தெடுத்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோதித்து எழுதிக்கொண்டு வந்தார்கள். யாருக்கு மாரடைப்பு வருகிறது, அவருக்கு முன்பு என்ன இருந்தது என்று பொறுமையாகப் பார்த்தார்கள். பிரசர், கொலஸ்திரோல், புகைத்தல், சீனி வருத்தம் என்ற பெயர்கள் அந்தப் பதிவேடுகளிலிருந்துதான் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. 'ஆபத்துக் காரணி' என்ற சொல் வைத்தியத்தில் நிலைத்ததும் 1961இல் அவர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான்.

அந்தச் சொல்லைப் பலர் தலையெழுத்து என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. இரணைமடுக் குளத்தின் கட்டை நினைத்துப் பாருங்கள். கட்டில் ஒரு எலி வளை இருந்தால் கட்டு உடையும் என்றில்லை. ஆனால் வளையும் இருந்து, மரவேரும் துளைத்து, மாரியில் குளமும் நிரம்பி நின்றால் ஒன்றின் கேட்டை மற்றது பெருப்பிக்கும். உங்கள் அண்ணனுக்குப் புகை ஒரு வளை. அவருடைய பிரசரையும் சீனியையும் யாரும் அளந்திருந்தார்களா? ஒல்லி என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எங்கள் ஆட்களுக்குக் கை கால் மெலிந்திருக்க, கொழுப்பு வயிற்றுக்குள் சேரும். இடுப்புச் சுற்றளவு பெண்ணுக்கு 80, ஆணுக்கு 90 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், முதல் மாரடைப்பின் ஆபத்தில் 90 வீதமளவுக்கு ஒன்பது காரணிகளே காரணம் என்று கண்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை அளக்கக்கூடியவை, மாற்றக்கூடியவை. இலங்கை உட்படத் தெற்காசியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, முதல் மாரடைப்பு வந்தவர்களின் சராசரி வயது 53, மற்ற நாட்டவருக்கு 59. காரணிகள் வேறல்ல, அவை எங்களுக்கு இளவயதிலேயே வந்துவிடுகின்றன. ஆகவே 'இரத்தத்தில் உள்ளதா' என்றால், ஒரு பங்கு உண்டு. கூடப்பிறந்த ஆணுக்கு 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் அதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். கிளினிக்கில் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அந்த ஒன்பதில் ஒன்று மனவழுத்தம். இதை எழுதும்போது என் கை கொஞ்சம் நிற்கிறது. வன்னியில் ஒரு குடும்பத்தைப் பார்த்து 'கவலைப்படாதீர்கள்' என்று எழுத எனக்கு வாய் வராது. ஆனால் நித்திரை இல்லாதது, பழைய சத்தங்கள் திரும்பக் கேட்பது, ஒன்றிலும் மனம் ஒட்டாதது இவையெல்லாம் வைத்தியரிடம் சொல்லவேண்டிய வருத்தங்கள். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனிப் போனில் வருகிற ஆராய்ச்சிகள். ஒரு செய்தியைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, சும்மா கவனித்துச் சொன்னார்களா, அல்லது குலுக்கல் முறையில் இரண்டு பகுதியாகப் பிரித்துச் சோதித்தார்களா? மாதவிடாய் நின்ற பெண்கள் ஹோர்மோன் குளிசை எடுத்தால் இதயத்துக்கு நல்லது என்று நெடுங்காலம் நம்பினார்கள், ஏனென்றால் எடுத்தவர்களுக்கு மாரடைப்புக் குறைவாக இருந்தது. பிறகு 16,608 பெண்களைக் குலுக்கிப் பிரித்துப் பார்த்தால், இரண்டு ஹோர்மோன் சேர்ந்த குளிசை எடுத்த பகுதியில்தான் மாரடைப்பும் பாரிசவாதமும் கூட. 2002இல் அந்தச் சோதனையை இடையில் நிறுத்தினார்கள். முன்பு குளிசை எடுத்தவர்கள் வசதியும் படிப்பும் உள்ளவர்கள், நடப்பவர்கள். அவர்களைக் காத்தது குளிசையல்ல.

இரண்டாவது கேள்வி, எத்தனையிலிருந்து எத்தனைக்கு? 'ஆபத்து இருமடங்கு' என்பது ஆயிரம் பேரில் ஒருவர் இருவராவதாகவும் இருக்கலாம், நூறில் பத்து இருபதாவதாகவும் இருக்கலாம். முதலாவதுக்கு நித்திரையைக் கெடுக்காதீர்கள்.

தேங்காயெண்ணெய் சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெய்களைவிடக் கெட்ட கொலஸ்திரோலைக் கூட்டும், அது சோதித்த விடயம். நஞ்சு என்பதும் மருந்து என்பதும் இரண்டும் மிகை. முருங்கையிலைச் சுண்டலுக்குத் துருவிப் போடும் தேங்காய்ப்பூவை நான் தடுக்கமாட்டேன். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவதைத் தடுப்பேன். உங்களுக்கு இப்போது பெரிய எதிரி உப்பு. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், கறி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள் நிற்கவேண்டும். சீனி, கொலஸ்திரோலோடு சிறுநீரையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று இரத்தத்தில் பார்க்கும் கிரியேற்றினினையும் சோதிக்கச் சொல்லுங்கள். கட்டுப்படாத பிரசர் சிறுநீரகத்தைத் தின்னும். காரணம் தெளிவாகப் பிடிபடாத சிறுநீரக வருத்தம் வவுனியாப் பக்கத்திலும் காணப்படுவதால், எங்கள் பிரதேசத்தில் இதை விட்டுவிடக் கூடாது. கடையில் கேட்டு வாங்கிப் போடும் நோக்குளிசைகளையும் நிறுத்துங்கள்.

மகனைப் பற்றி. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி முற்றுகையில் பட்டினி கிடந்தது. அப்போது வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயதளவில் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் பட்டினி கண்டவர்களுக்கு இதய வருத்தமும், பிற்பகுதியில் கண்டவர்களுக்குக் குளுக்கோஸைக் கையாளும் வலுக்குறைவும் கூடுதலாகத் தெரிந்தன. ஆனால் அது ஒரு கூட்டத்தின் சராசரி. உங்கள் பிள்ளையின் தீர்ப்பு அல்ல, உங்கள் பிழையும் அல்ல. அந்தக் கஞ்சியில் அவனை உயிரோடு கொண்டுவந்தீர்கள்.

ஆம்ஸ்ரடாம் வைத்தியசாலையின் பிறப்புப் பதிவேடுகள் தப்பியதால்தான் அந்த ஆய்வு நடந்தது. மாத்தளனில் பிறந்த பிள்ளைகளின் நிறை எழுதிய கொப்பி எத்தனை வீட்டில் மிஞ்சியது? உங்களுக்கு நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதி, மகனின் கிளினிக் கொப்பியில் ஒட்டுங்கள். வருடம் ஒருமுறை அவனது பிரசரையும் நிறையையும் பாருங்கள். சோடாக் குடிக்கும் பழக்கம் வேண்டாம். மாமாவின் சுருட்டு அவன் கைக்கு வரவே கூடாது.

நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ ஓடும் நோவு, குளிர் வியர்வை, பெண்களுக்குச் சில வேளை வெறும் மூச்சு முட்டலும் களைப்பும், எது வந்தாலும் வாய்வு என்று இஞ்சித் தண்ணி குடித்துக்கொண்டு விடியும்வரை இருக்காதீர்கள். 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும். மோட்டார்சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுபோக வேண்டாம்.