பொருள் மட்டும் போதாது, பொறுப்பும் கொடுங்கள்

அன்புச் சகோதரி, வேறு மொழி பேசும் குடும்பங்களுக்கு மாதந்தோறும் உதவிப் பொருள்கள் கொடுத்தும், ஆராதனை முடிந்ததும் அவர்கள் ஒட்டாமல் போய்விடுகிறார்கள் என்று வருந்தியிருந்தீர்கள். எப்போதும் வாங்குகிறவராகவே இருப்பது மனதைக் கூசச் செய்யும். அவர்களிடம் அன்பில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேம் சபையின் அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டார்கள், முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் ஆறுதல் சொல்லி அனுப்பிவிடவில்லை. 7 பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர், தீமோன் உட்பட ஏழுமே கிரேக்கப் பெயர்கள்! குறைப்பட்டவர்கள் கையிலேயே பொறுப்பு போனது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

நீங்களும் பங்கிடும் மேசைக்குப் பின்னால் அந்தக் குடும்பங்களிலிருந்து இருவரை நிறுத்துங்கள். யாருக்கு என்ன தேவை என்று முடிவெடுக்கும் கூட்டத்திலும் அவர்கள் உட்காரட்டும். வேதவாசிப்பு ஒன்று அவர்கள் மொழியில் இருக்கட்டும். முதலில், பெயர்களைச் சரியாகச் சொல்லப் பழகுங்கள். எங்கள் சபையில் ஒரு மூதாட்டியின் பெயர் மூன்றாம் முறைதான் என் நாவில் சரியாக வந்தது. என் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை. அடுத்த வாரம் தம் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.