தொலைதூர ஏ.எம். வானொலி நிலையங்கள் பகலில் ஏன் கேட்பதில்லை?

வானில் சுமார் 60 முதல் 90 கி.மீ. உயரத்தில் 'டி அடுக்கு' என்றொரு பகுதி உண்டு. பகலில் சூரியனின் புற ஊதா, எக்ஸ் கதிர்கள் அங்குள்ள வாயு மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. ஏ.எம். நிலையங்கள் அனுப்பி மேலே செல்லும் மத்திய அலை (ஏறக்குறைய 530–1700 கிலோஹெர்ட்ஸ்) அந்த எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. அவை சுற்றியுள்ள காற்று மூலக்கூறுகளில் மோத, அலையின் ஆற்றல் வெப்பமாகி வீணாகிறது. இதுதான் அயனி மண்டல (இப்படி மின்னேற்றம் பெற்ற மேல்வானப் பகுதியின்) உட்கவர்தல். அதிர்வெண் குறையக் குறைய இழப்பு கூடும். அதிர்வெண் கூடிய சிற்றலை பகலிலும் தப்பிப்பது அதனால்தான்.

கூரையில் பந்தை எறிந்தால் திரும்பி வரும். நடுவில் கனத்த பஞ்சு மெத்தையைத் தொங்கவிட்டால்? பகலில் டி அடுக்குதான் அந்த மெத்தை. சூரியன் மறைந்ததும் எலக்ட்ரான்கள் விரைவாக அயனிகளோடு மீண்டும் சேர, மெத்தை விலகுகிறது. 100 கி.மீ.க்கு மேலுள்ள அடுக்குகள் அலையைத் திருப்பி அனுப்ப, ஆயிரம் கி.மீ. தாண்டிய நிலையமும் கேட்கும். (ஒலி ஏறி இறங்கும், அது பல பாதைகளில் வரும் அலைகளின் சண்டை.)

பகலில் நிலத்தை ஒட்டி வரும் அலை மட்டுமே மிச்சம். தொலைதூர நிலையத்தைத் தேடுவதானால் அந்தி சாய்ந்து ஒரு மணி நேரம் கழித்துத் தேடுங்கள். வானொலிப் பெட்டியை மெல்லத் திருப்பிப் பாருங்கள், உள்ளிருக்கும் ஃபெரைட் தண்டு (அலையைப் பிடிக்கும் ஆன்டெனா) திசை பார்க்கும்.

இரவில் நிலையங்கள் ஆற்றலைக் கூட்டுவதால்தான் கேட்கிறது என்பது தவறு. ஒன்றுக்கொன்று இடையூறு வராதிருக்கப் பல நிலையங்கள் அப்போது ஆற்றலைக் குறைக்கவே செய்கின்றன.