மாஸ்க் போட்டால் முகத்தில் புண்: அது சிலிகான் அலர்ஜிதானா?

கேள்வி: தூக்கத்தில் மூச்சுத்தடை இருப்பதால் மூன்று மாதமாக சிபாப் கருவி (மூச்சுப்பாதை அடைபடாமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் கருவி) வைத்துத் தூங்குகிறேன். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க். மூக்குத்தண்டில் தோல் உரிந்துவிட்டது. கன்னத்தில் குஷன் படும் இடத்தில் வளையமாகச் சிறு பருக்களும் அரிப்பும் இருக்கின்றன. கருவி விற்றவர் 'உங்களுக்கு சிலிகான் அலர்ஜி' என்று சொல்லி, புது மாஸ்க்கும், மாஸ்க்கையும் குழாயையும் ஓசோன் வாயுவால் சுத்தம் செய்யும் பெட்டியும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இரண்டையும் இப்போது வாங்க வேண்டாம். மாஸ்க் செய்யும் சிலிகானுக்கு உண்மையான ஒவ்வாமை வருவது மிக அரிது. உங்களுக்கு இருப்பவை இரண்டு வேறு வேறு தொல்லைகள். மூக்குத்தண்டில் இருப்பது அழுத்தப் புண். கன்னத்தில் இருப்பது, பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கும் வியர்வையும் சோப்பு மிச்சமும் இரவெல்லாம் தோலை உறுத்துவதால் வருவது.

முதலில் மூக்குத்தண்டு. மாஸ்க்கில் முகத்தோடு ஒட்டும் மெத்தென்ற சிலிகான் பகுதிதான் குஷன். அதன் விளிம்பு இரண்டு அடுக்கு. வெளியே இருக்கும் மெல்லிய சவ்வு, கருவியின் காற்றால் உப்பி முகத்தில் மெதுவாகப் படிய வேண்டும். பட்டையை இறுக்கினால் அந்தச் சவ்வு நசுங்கி, உள்ளே இருக்கும் தடித்த அடுக்கு எலும்பில் அழுந்துகிறது. நசுங்கிய சவ்வு மடிவதால் காற்றும் கசிகிறது. கசிகிறதே என்று இன்னும் இறுக்குகிறோம். தோல் உரிவது இப்படித்தான்.

இன்றிரவே இதைச் செய்யுங்கள். நீங்கள் வழக்கமாகத் தூங்கும் தலையணையில் படுத்துக்கொண்டு கருவியை ஓட விடுங்கள். எல்லாப் பட்டைகளையும் தளர்த்தி மாஸ்க்கை முகத்தில் வையுங்கள். அதை ஒரு முறை லேசாக முன்னே இழுத்து, சவ்வு உப்பியதும் மெதுவாகத் திரும்பப் படிய விடுங்கள். பிறகு இடது, வலது இரண்டையும் ஒரே அளவில், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பெரிய கசிவு நின்ற இடத்தில் நிறுத்திவிடுங்கள். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். நெற்றித் தாங்கி உள்ள மாஸ்க்காக இருந்தால், மூக்கில் விழும் பாரத்தைக் குறைக்கும் திருகோ படியோ அதில்தான் இருக்கும்.

இதை மாஸ்க் கொடுத்த அன்றே செய்து காட்டியிருக்க வேண்டும். பகலில் நாற்காலியில் உட்கார வைத்து, காற்றே ஓடாமல், ஐந்து நிமிடத்தில் அளவு பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். படுத்தால் கன்னச் சதை சரியும், தாடை தளரும், அளவு மாறும். மூச்சு அடைபடும் நோய்க்குக் கொடுக்கும் சிகிச்சையை, பெட்டியைக் கையில் திணித்துவிட்டால் முடிந்தது என்று நினைப்பதை எப்படி ஏற்பது?

இன்னொன்று: மாஸ்க்கின் முன்பக்கம் சிறு துளைகள் வழியாகக் காற்று எப்போதும் வெளியேறும். அது கசிவு அல்ல, நீங்கள் விட்ட மூச்சு வெளியே போகும் வழி. அதை டேப் ஒட்டி அடைக்கக் கூடாது. விளிம்பில் வரும் சிறு கசிவையும் கருவியே ஈடு செய்துகொள்ளும்; கண்ணில் காற்று அடித்தாலோ சத்தம் வந்தாலோ மட்டும் கவனித்தால் போதும்.

உரிந்த இடத்தில் மெல்லிய ஹைட்ரோகொலாய்டு ஒட்டு (புண்ணின் ஈரத்தை உறிஞ்சி மூடிவைக்கும் ஒட்டு) ஒரு துண்டு ஒட்டுங்கள். தோல் சுத்தமாக, எண்ணெய்ப் பசை இல்லாமல், காய்ந்திருக்க வேண்டும். தடித்த ஒட்டு வேண்டாம், அதுவே அழுத்தத்தைக் கூட்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை வெதுவெதுப்பான நீரில் நனைத்து மெல்ல உரித்து மாற்றுங்கள். சீழ் இருந்தால் ஒட்டவே கூடாது. ஒரு வாரத்தில் ஆறவில்லை என்றால், அப்போதுதான் வேறு மாஸ்க் பற்றிப் பேச வேண்டும்: மூக்குத்தண்டையே தொடாமல் மூக்குக்குக் கீழே அமரும் வகை.

கன்னத்துக்கு வருவோம். குஷனைத் தினமும் காலையில் வெதுவெதுப்பான நீரில், மணமில்லாத மென்மையான திரவ சோப்பு இரண்டு சொட்டு விட்டு, விரலால் தேய்த்துக் கழுவுங்கள். வழுவழுப்பு போகும்வரை அலசி நிழலில் உலர்த்துங்கள். பட்டைகளை வாரம் ஒரு முறை கழுவினால் போதும். இரவு முகம் கழுவி நன்றாகத் துடைத்த பிறகே மாஸ்க் போடுங்கள். ஈரப்பசைக் கிரீமைக் காலையில் தடவுங்கள். பெட்ரோலியம் ஜெல்லியோ எண்ணெயோ வேண்டாம், குஷன் வழுக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். சிலிகான் மஞ்சளித்து விறைத்துவிட்டால் குஷனை மட்டும் மாற்றினால் போதும். மாஸ்க்குக்குள் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் ஈரப்பதமூட்டியின் அளவை ஒரு படி குறையுங்கள்.

ஆல்கஹால் துடைப்பான்கள் தோலை எரிக்கும். ஓசோன் பெட்டி அதைவிட மோசம். ஓசோன் நுரையீரலை உறுத்தும் வாயு. குழாயிலும் குஷனிலும் தங்கி அடுத்த இரவு உங்கள் மூச்சோடு உள்ளே போகலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 பிப்ரவரியிலேயே இந்தப் பெட்டிகள் பற்றி எச்சரித்தது. சோப்பும் தண்ணீரும் செய்யும் வேலைக்கு விற்பவருக்குக் கமிஷன் கிடையாது.

ஒரே ஒரு விதிவிலக்கு. அரிப்பு குஷன் வளையத்தில் இல்லாமல், பட்டை ஓடும் வழியில், அதாவது கன்னத்தின் பக்கவாட்டிலும் காதுக்குக் கீழும் பிடரியிலும் கோடு போட்டது போல வந்தால் அது உண்மையான ஒவ்வாமையாக இருக்கலாம். சில பட்டைகளின் உள்ளே இருக்கும் நியோப்ரீன் ரப்பரைப் பதப்படுத்த தயோயூரியா வகை வேதிப்பொருள்கள் சேர்க்கிறார்கள். ஒவ்வாமை அவற்றுக்குத்தான் வரும். மாஸ்க்கை மாற்றி அதே பட்டையை வைத்துக்கொண்டால் ஒன்றும் மாறாது. பட்டைக்குப் பருத்தி உறை போட்டுப் பாருங்கள். அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் ஒட்டுப் பரிசோதனை கேளுங்கள். போகும்போது பட்டையில் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் போங்கள்; வழக்கமான பரிசோதனைத் தொகுப்பில் இந்தப் பொருள் விடுபட்டிருக்கலாம். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் 48 மணி நேரம் ஒட்டி வைப்பார்கள். எடுத்த அன்று மட்டும் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நான்காம் நாள் வாக்கில் இன்னொரு முறை பார்க்க வேண்டும், ஏனென்றால் தாமதமாகத் தெரியும் ஒவ்வாமைகள் உண்டு.

மருந்துக்கடையில் 'அலர்ஜி கிரீம்' என்று கேட்டு வாங்கித் தடவாதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, வாயைச் சுற்றிப் புதுப் பருக்கள் வரும்.

காலையில் மாஸ்க்கைக் கழற்றியதும் தடம் இருப்பது இயல்பு. அரை மணி நேரத்தில் மறைய வேண்டும். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு சரியாகத் தெரியாது. தொட்டால் சூடாக, வலியாக, சுற்றுத் தோலைவிட இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். கொப்புளம், சீழ், கறுத்துப்போன புண், கண்ணை நோக்கிப் பரவும் வீக்கம் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். மாஸ்க்கை நீங்களாக நிறுத்தாதீர்கள். புண் ஆறும்வரை எந்த வகை மாஸ்க்கோடு சிகிச்சையைத் தொடரலாம் என்று தூக்கச் சிகிச்சை மருத்துவரிடமே கேளுங்கள், விற்பவரிடம் அல்ல.