வாசகர் கேள்வி: 2025-26 சீசனுக்கு முன் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணிக்கு முதலில் தேவைப்பட்டது எது?

கேள்வி: லூகா டோன்சிச், லெப்ரான் ஜேம்ஸ் இருவரும் இருந்தும், அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் 50 வெற்றிகளுடன் மேற்குப் பிரிவில் மூன்றாமிடம் பிடித்தும், 2025 பிளே-ஆஃப் (சீசன் முடிவில் நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகள்) முதல் சுற்றிலேயே லேக்கர்ஸ் மினசோட்டாவிடம் 1-4 எனத் தோற்றது. 2025-26 சீசனுக்கு முன் எந்த இடத்தை முதலில் நிரப்ப வேண்டியிருந்தது?

பதில்: சென்டர், அதாவது வளையத்தருகே ஆடும் நெடிய ஆட்டக்காரர். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஐந்தாவது ஆட்டத்தில் மினசோட்டா 47 முறை மூன்று புள்ளிக்கு எறிந்ததில் 7 மட்டுமே வளையத்தில் விழுந்தன. அவ்வளவு மோசமாக எறிந்த அணி வெல்வது அபூர்வம். ஆனால் அந்த அணியின் சென்டர் ரூடி கோபேர் 27 புள்ளிகளும் 24 ரீபவுண்டுகளும் (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது) எடுக்க, மினசோட்டா 103-96 என வென்று தொடரையே முடித்தது. முதல் நான்கு ஆட்டங்களையும் தொடங்கிய லேக்கர்ஸ் சென்டர் ஜாக்சன் ஹேஸ் அன்று களமிறக்கப்படவே இல்லை. நான்காவது ஆட்டத்தின் பிற்பாதி முழுவதும் பயிற்சியாளர் ஜே.ஜே. ரெடிக் ஒரே ஐவரை ஆடவைத்தார். அந்த ஐவரில் சென்டர் ஒருவரும் இல்லை. அதைப் பிடிவாதம் என்றவர்கள் உண்டு. எனக்கோ வேறு ஆள் இல்லாத குறைதான் அதில் தெரிந்தது.

2025 பிப்ரவரியில், சென்டராக ஆடிவந்த ஆன்டனி டேவிஸை டாலஸுக்குக் கொடுத்து டோன்சிச்சை வாங்கியபோதே இந்தப் பள்ளம் விழுந்துவிட்டது. அதை அடைக்கச் சார்லட் அணியிடமிருந்து சென்டர் மார்க் வில்லியம்ஸைப் பெறும் பேரம் முடிவானது. மருத்துவப் பரிசோதனைக்குப் பின் லேக்கர்ஸே அதை ரத்து செய்தது. டோன்சிச்சின் ஆட்டமோ, வளையத்தை நோக்கி ஓடி, உயரத்தில் வரும் பந்தைப் பிடித்துப் போடும் நெடியவரை நம்பியே அமைந்தது. 2024-இல் டாலஸ் இறுதிப் போட்டி வரை சென்றபோது டெரிக் லைவ்லி, டேனியல் காஃபர்ட் என்ற இருவர் அந்த வேலையைச் செய்தார்கள்.

பணம்தான் முட்டுக்கட்டையாக இருந்தது. லெப்ரான் 2025-26-க்கான தன் 5.26 கோடி டாலர் ஒப்பந்த ஆண்டை ஏற்றுக்கொண்டதால், டோன்சிச்சின் ஏறத்தாழ 4.6 கோடியையும் சேர்த்து இருவருக்கே பத்துக் கோடியை நெருங்கியது. அந்த சீசனில் ஓர் அணியின் மொத்த வீரர்களுக்கான சம்பள உச்சவரம்போ சுமார் 15.5 கோடிதான். ஆகவே பெரிய விலைக்கு ஒருவரை நேரடியாக ஒப்பந்தம் செய்ய வழியிருக்கவில்லை. வேறோர் அணி விடுவிக்கும் சென்டருக்காகக் காத்திருப்பதோ, லேக்கர்ஸ் வீரர் ருயி ஹச்சிமுராவின் சம்பளத்தை ஈடாக வைத்துப் பேரம் பேசுவதோதான் நடைமுறைக்கு ஒத்துவரக்கூடியதாக இருந்தது.

கேள்வி: லேக்கர்ஸ் வீரர் ஆஸ்டின் ரீவ்ஸைக் கொடுத்து நல்ல சென்டரை வாங்கினால் என்ன?

பதில்: கூடாது. 2021-இல் எந்த அணியும் டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புதிய இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எடுக்காத ரீவ்ஸ், 2024-25 சீசனில் ஆட்டத்துக்கு 20 புள்ளிகள் எடுத்தார். அப்போதைய சம்பளமோ அந்தத் தரத்துக்கு மிகக் குறைவு. டோன்சிச் ஓய்வெடுக்கும் நிமிடங்களில் பந்தை வைத்து ஆட்டத்தை நடத்துபவரும் பெரும்பாலும் அவரே. மினசோட்டாவின் ஆண்டனி எட்வர்ட்ஸ் போன்றவர்களிடம் தடுப்பாட்டத்தில் அவர் திணறுகிறார் என்பது உண்மை. அதற்கு வேண்டியது அவர் பக்கத்தில் நிற்க ஒரு நல்ல தடுப்பாட்டக்காரர். சென்டருக்கு அடுத்த தேவையாக அதையே சொல்வேன்.

கேள்வி: டிராஃப்ட் மூலம் இந்தக் குறை தீருமா?

பதில்: தீராது. 2027 முதல் சுற்றுத் தேர்வுரிமை யூட்டாவுக்கும் 2029-க்குரியது டாலஸுக்கும் தரப்பட்டுவிட்டன. 2025 டிராஃப்டுக்கு முன் கையில் இருந்ததோ அவ்வாண்டின் 55-ஆவது தேர்வு ஒன்றுதான். அந்த இடத்தில் கிடைக்கும் இளைஞர் அக்டோபரில் சீசன் தொடங்கும்போதே கோபேரை எதிர்த்து நிற்பார் என்று எந்த அணியும் திட்டம் போடாது.